கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள்
'தி எக்ஸோர்சிஸ்ட்' திரைப்படம் பற்றிய ஒரு மீள்பார்வை

பேய்ப் படங்கள் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் வந்து நிற்கும் பெயர்களில் ஒன்று 'தி எக்ஸோர்சிஸ்ட்'. வில்லியம் பீற்றர் பிளாட்டி 1971இல் வெளியிட்ட தனது நாவலைத் தானே திரைக்கதையாக்க, வில்லியம் ஃபிரீட்கின் இயக்கினார். 1973 டிசம்பர் 26ஆம் திகதி அமெரிக்காவில் திரைக்கு வந்த இப்படம் 10 ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்று, தழுவல் திரைக்கதைக்கும் ஒலிக்குமாக இரண்டு விருதுகளை வென்றது. சிறந்த படத்துக்கான பரிந்துரையைப் பெற்ற முதலாவது திகில் படமும் இதுவே. பிளாட்டி 2017இலும் ஃபிரீட்கின் 2023இலும் காலமாகிவிட்டனர். அரை நூற்றாண்டு கடந்து, வெளிவந்த காலத்துப் பரபரப்புகளும் அடங்கிவிட்ட பின்னர், இப்படத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க இப்போது வசதி ஏற்பட்டிருக்கிறது.

இப்படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அதன் சில காட்சிகள் தெரியும். சிறுமியின் தலை முழுவட்டமாகத் திரும்புவது, பச்சை நிற வாந்தி, அந்தரத்தில் எழும் உடல் என்பனவே அவை. பின்னர் வந்த எண்ணற்ற பேய்ப் படங்கள் இவற்றைப் பிரதிபண்ணித் தேய்த்துவிட்டன. எனவே இன்று முதன்முறையாகப் பார்க்கும் இளைஞர் ஒருவர் இக்காட்சிகளைக் கண்டு சிரிக்கவும் கூடும். ஆனால், 122 நிமிடங்கள் ஓடும் இப்படத்தில் பேயோட்டும் சடங்கு ஏறக்குறையக் கடைசி அரை மணி நேரத்தில்தான் ஆரம்பமாகிறது என்பது பலரின் நினைவில் இருப்பதில்லை. அதற்கு முந்திய ஒன்றரை மணி நேரம் முழுவதும் என்ன நடக்கிறது? ஒரு பிள்ளை நோயில் விழுகிறது. அதன் தாய் கதவு கதவாகத் தட்டுகிறாள். ஒவ்வொருவராக வந்து கட்டிலைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பேயைப் பற்றிய படம் என்பதை விட, கட்டிலைச் சுற்றி நிற்பவர்களைப் பற்றிய படம் என்று இதனைக் கூறுவதே பொருத்தமாகும். இக்கட்டுரை அந்த நோக்கிலேயே படத்தை அணுகுகிறது.

கதை எளிமையானது. கிறிஸ் மெக்நீல் ஒரு நடிகை. கணவனைப் பிரிந்தவள். படப்பிடிப்புக்காக வொஷிங்டனின் ஜோர்ஜ்டவுன் பகுதியில் வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தன் 12 வயது மகள் ரீகனுடன் தங்கியிருக்கிறாள். மகளின் பிறந்த நாளுக்குக்கூடத் தகப்பன் தொலைபேசியில் பேசவில்லை. தாய் தொலைபேசி இணைப்பாளரிடம் ஆத்திரத்துடன் கத்துவதை, அறைக்கு வெளியே இருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. பேய் வருவதற்கு முன்னரே அந்த வீட்டில் ஒரு வெற்றிடம் இருந்தது என்பதைப் படம் இவ்வாறு ஓசையில்லாமல் சொல்லிவிடுகிறது. பின்னர் ரீகனின் நடத்தை மாறத் தொடங்குகிறது. கெட்ட வார்த்தைகள் பேசுகிறாள். கட்டில் குலுங்குகிறது. விருந்தினர் நடுவே வந்து நின்று சிறுநீர் கழிக்கிறாள்.

கிறிஸ் ஒரு நாஸ்திகை. ஆதலால் அவள் முதலில் போவது வைத்தியர்களிடம். இப்பகுதியே படத்தின் மிகப் பயங்கரமான பகுதி என்பது என் எண்ணம். மூளையின் ஒரு பகுதியில் ஏற்பட்ட பழுதே காரணம் என வைத்தியர்கள் ஊகிக்கிறார்கள். குருதிக்குழாய்களைப் படம்பிடிப்பதற்காகச் சிறுமியின் கழுத்தில் ஊசி ஏற்றப்படுகிறது, இரத்தம் பீறிடுகிறது. இராட்சத இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அந்தச் சிறிய முகம் வலியில் சுருங்குகிறது. இக்காட்சியில் பேய் இல்லை, மாயமும் இல்லை. வெள்ளை அங்கியணிந்த நல்ல மனிதர்கள் தமது கடமையைச் செய்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் பார்ப்பது ஊடுகதிர்ப் படத்தை, பிள்ளையை அல்ல. படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் மீண்டும் ஒரு பரிசோதனை, மீண்டும் ஒரு ஊசி. எண்பத்தெட்டு வைத்தியர்கள் பார்த்தும் ஒன்றும் சொல்ல முடியவில்லையே எனத் தாய் வெடிக்கும் இடத்தில் எலன் பர்ஸ்டினின் நடிப்பு, வைத்தியசாலை விறாந்தைகளில் பிள்ளையோடு காத்திருந்த எந்தத் தாயையும் தகப்பனையும் நிலைகுலையச் செய்யக்கூடியது.

இதன் பின்னர் கதையில் ஒரு விசித்திரமான திருப்பம் நிகழ்கிறது. பேயோட்டல் என்ற யோசனையை முதலில் முன்வைப்பவர்கள் குருமார் அல்லர், வைத்தியர்கள். அவர்களுக்கு அதில் நம்பிக்கையில்லை. நோயாளி தன்னைப் பேய் பிடித்திருப்பதாக நம்புவதால், பேயோட்டலும் அதே நம்பிக்கையின் வழியாக வேலை செய்யலாம் என்கிறார்கள். நாஸ்திகையான தாய் இந்த யோசனையைச் சுமந்துகொண்டு டேமியன் கராஸ் என்ற யேசு சபைக் குருவிடம் போகிறாள். அவரோ ஒரு மனநோய் வைத்தியரும் ஆவார். மனநோய்களைப் பற்றி அறிந்துகொண்ட பின்னர் திருச்சபை அந்தக் காரியத்தை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது என்று சொல்லி, அவளை மீண்டும் வைத்தியர்களிடமே திருப்பப் பார்க்கிறார். விஞ்ஞானம் மதத்தின் வாசலைக் காட்டுகிறது. மதம் விஞ்ஞானத்தின் வாசலைக் காட்டுகிறது. இரண்டு வாசல்களுக்கும் இடையில் பிள்ளை கிடக்கிறது.

நமது கிராமங்களில் வளர்ந்த வாசகருக்கு இந்த இடம் சற்று வேறுவிதமாகத் தோன்றும். நம் தாய்மாரில் பலர் இந்த இரண்டு வாசல்களையும் எதிரெதிரானவையாகக் கருதியதில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தெடுத்து வந்த உம்மா, அஸருக்குப் பிறகு லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வருவார். இரண்டும் பிள்ளைக்காகத்தான். கிறிஸ் அனுபவிக்கும் பிளவு அவளது சமூகத்துக்கு உரியது. ஆனால் அவளது தவிப்பு எல்லாச் சமூகத்துக்கும் உரியது. படம் எல்லை கடந்து பேசுவதற்கு இதுவே காரணமாகும்.

கராஸ் எளிதில் நம்பிவிடுபவர் அல்லர். சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் புனித நீர் என்று சொல்லித் தெளிக்கிறார். சிறுமியின் உடல் அதற்கும் துடிக்கிறது. உண்மையான பேயாக இருந்தால் ஏமாந்திருக்காதே என்று அவர் ஐயுறுகிறார். அவளது பேச்சை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்கிறார். அது பின்னோக்கிப் பேசப்பட்ட ஆங்கிலம் என்று கண்டுபிடிக்கிறார். ஒரு நல்ல பேய்ப் படம் ஐயத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பது அபூர்வம். ஆனால் அவரை உண்மையில் அசைப்பது இந்தச் சோதனைகளில் எதுவும் அல்ல. ஓர் இரவு, வீட்டிலுள்ள செயலாளர் பெண் அவரை அழைத்துச் சென்று, தூங்கும் ரீகனின் வயிற்றைக் காட்டுகிறாள். தோலின் மேல் எழுத்துக்கள் புடைத்து எழுகின்றன. உதவி கேட்கும் இரண்டே இரண்டு சொற்கள்.

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில், படம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் காட்சியே. வகுப்பறையில் சத்தம் போடும் பிள்ளை, அடிக்கும் பிள்ளை, யாரோடும் பேசாமல் மூலையில் இருக்கும் பிள்ளை என எல்லாரிடத்திலும் நாம் முதலில் காண்பது நடத்தையைத்தான். அதற்குக் கீழே ஓர் எழுத்து இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரிவதில்லை. ரீகனின் வாயிலிருந்து வருவது வேறொரு குரல். அக்குரலை வழங்கியவர் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகை. ரீகனின் முகம் வேறொரு முகம். அது டிக் ஸ்மித்தின் ஒப்பனை. ஆனால் உள்ளே சிறுமி இன்னும் உயிரோடு இருக்கிறாள். குரலும் முகமும் பறிபோன நிலையில் தோலின் உட்புறத்திலிருந்து எழுதுகிறாள். திகிலின் உச்சத்தில் படம் நமக்குத் தரும் செய்தி, பிள்ளை எங்கும் போய்விடவில்லை என்பதுதான்.

இந்தச் செய்தியைப் படத்தின் மையக் கருத்தாக வெளிப்படையாகச் சொல்லும் ஓர் உரையாடல் 1973இல் வெளிவந்த பிரதியில் இருக்கவில்லை. சடங்கின் இடைவேளையில் களைத்துப்போன இரு குருமாரும் மாடிப்படியில் அமர்ந்திருக்கிறார்கள். இந்தச் சிறுமி ஏன், இதன் அர்த்தம் என்ன என்று கராஸ் கேட்கிறார். முதியவரான மெரின் தரும் பதிலின் சாரம் இதுதான்: தீய சக்தியின் நோக்கம் இந்தச் சிறுமி அல்ல, சுற்றி நின்று பார்க்கும் நாம்தான். மனிதன் என்பவன் விலங்கு, அசிங்கம், இறைவன் நேசிப்பதற்குத் தகுதியற்றவன் என்று நம்மை நம்பவைத்து நிராசையில் தள்ளுவதே அதன் வேலை. நாவலாசிரியர் பிளாட்டி இக்காட்சியைப் படத்தின் ஆன்மாவாகக் கருதினார். படத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று இயக்குநர் அதை நீக்கினார். 2000ஆம் ஆண்டு வெளிவந்த, ஏறக்குறைய 132 நிமிடங்கள் கொண்ட விரிவான பிரதியில் அது மீளச் சேர்க்கப்பட்டது. கலை ரீதியில் யார் சரி என்பது விவாதத்துக்குரியது. எவ்வாறாயினும், அந்த உரையாடல் இல்லாமலேயே படம் அதைச் செயலில் காட்டியிருக்கிறது என்பதே என் கருத்து. வைத்தியர், குரு, பொலிஸ் அதிகாரி, தாய் ஆகிய ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டில் ஒரு பரீட்சையாகிறது. இந்த அருவருப்புக்குக் கீழே ஒரு மனிதப் பிள்ளை இருப்பதை உன்னால் தொடர்ந்து காண முடிகிறதா என்பதே வினா.

இந்தப் பரீட்சையில் கராஸ் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவர். நியூயோர்க்கில் தனியாக வாழ்ந்த அவரது தாய், கிரேக்கத்திலிருந்து குடியேறிய ஏழை. நோயுற்றபோது, பணமில்லாத காரணத்தால் பொது வைத்தியசாலையின் மனநோயாளர் விடுதியில் சேர்க்கப்படுகிறாள். ஏன் என்னை இங்கே கொண்டுவந்தாய் என்று மகனைக் கேட்கிறாள். பின்னர் தனிமையில் இறந்துபோகிறாள். பேய் அவரைத் தாக்குவது வானத்து வல்லமையால் அல்ல. அந்தத் தாயின் குரலால். குற்றவுணர்வுள்ள மகனைச் சாய்ப்பதற்கு அதற்கு மேல் ஆயுதம் தேவையில்லை. மெரின் அவரை அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுகிறார். கீழே கிறிஸ் அவரிடம் கேட்பது ஒரே ஒரு கேள்வி: பிள்ளை செத்துப்போவாளா? இல்லை என்கிறார் கராஸ். அந்த ஒரு சொல்லோடு எழுந்து மீண்டும் மேலே போகிறார். நம்பிக்கை தளர்ந்திருந்த குருவை மீண்டும் எழுப்பியது வேதநூலின் வசனம் அல்ல. ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கு.

மேலே மெரின் இறந்து கிடக்கிறார். இதன் பின்னர் நடப்பதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். கராஸ் ஆத்திரத்தில் சிறுமியைக் கட்டிலிலிருந்து இழுத்துக் கீழே போட்டு முட்டியால் குத்துகிறார். மீண்டும் மீண்டும் குத்துகிறார். அவர் குத்துவது பேயையா, 12 வயதுப் பிள்ளையையா? அந்தக் கணத்தில் அவருக்கே அது தெரியாது. பார்வையாளருக்கும் தெரியாது. என்னை எடுத்துக்கொள் என்று அவர் கத்த, தீய சக்தி அவருக்குள் புகுகிறது. முகம் மாறுகிறது. கைகள் பிள்ளையின் கழுத்தை நோக்கி நீள்கின்றன. அப்போதுதான் அவர் தன்னை மீட்டு, நீண்ட கைகளைத் திருப்பி, யன்னலை உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிறார். பிள்ளையின் அழுகை, படத்தில் நெடுநேரத்துக்குப் பின்னர், பிள்ளையின் குரலில் கேட்கிறது.

பேய் வென்றுவிட்டது என்று பல ரசிகர்கள் இம்முடிவை விளங்கிக்கொண்டது பிளாட்டியை வருத்தியது. கராஸ் தள்ளப்பட்டு விழவில்லை. தானே தெரிவுசெய்து விழுகிறார் என்பதை அவர் திரும்பத் திரும்ப விளக்க நேர்ந்தது. நான் இதற்கு இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சடங்கு முழுவதிலும் ரீகன் மிக ஆபத்தான நிலையில் இருந்தது, பேய் அவளுக்குள் இருந்தபோதல்ல. குணப்படுத்த வந்தவரின் கை அவளுக்கு எதிராக ஓங்கியபோதே. அவள் பிழைத்தது அடியால் அல்ல. அடிக்க ஓங்கிய கை திரும்பியதால் பிழைத்தாள்.

படம் முன்வைத்த இந்தப் பரீட்சையில் உலகம் எவ்வளவு தேறியது? ரீகனாக நடித்த லின்டா பிளேயர் அப்போது பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை. படம் வெளிவந்த பின்னர் அவருக்கு மிரட்டல்கள் வந்ததால் பல மாதங்கள் பாதுகாவலர்களை அமர்த்த வேண்டியிருந்தது. பேயின் முகத்தைக் கண்டவர்கள் அதற்குப் பின்னாலிருந்த சிறுமியைக் காணவில்லை. படப்பிடிப்புத் தளத்திலும் நிலைமை மெச்சத்தக்கதாக இருக்கவில்லை. கயிற்றில் கட்டி இழுத்ததில் எலன் பர்ஸ்டினின் முதுகில் காயம் ஏற்பட்டது. அவரது உண்மையான வலியின் அலறல் படத்தில் அப்படியே இடம்பெற்றுள்ளது. லின்டாவின் முதுகும் காயப்பட்டது. மேலும், 1949இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பகுதியில் ஒரு சிறுவனுக்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட பேயோட்டலின் பத்திரிகைச் செய்தியே பிளாட்டிக்குக் கருவாக அமைந்தது. அச்சிறுவனை நாவல் சிறுமியாக்கியது. பருவமெய்தும் வயதுப் பெண்பிள்ளையின் உடலையே அருவருப்பின் களமாக்கிய சில காட்சிகள், கதைக்குத் தேவையான அளவை மிஞ்சி நிற்கின்றன என்ற பெண்ணியவாதிகளின் விமர்சனத்தை இலகுவில் தள்ளிவிட முடியாது.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இப்படத்தோடு இன்னுமொரு வழக்கு உண்டு. அது படத்தின் ஆரம்பத்தில் இருக்கிறது. 1973இன் பிரதி ஜோர்ஜ்டவுனில் ஆரம்பிப்பதில்லை. வடக்கு ஈராக்கில் ஆரம்பிக்கிறது. படம் தொடங்கியதுமே பாங்கொலி கேட்கிறது. தொடர்ந்து எரியும் சூரியன், மண்வெட்டிகளின் ஓசை, மெரின் நடத்தும் அகழ்வாராய்ச்சி. பின்னர் நெருப்பின் முன் சம்மட்டி அடிக்கும் கொல்லர்கள். அவர்களில் ஒருவர் திரும்பும்போது பார்வையிழந்த வெண்ணிறக் கண் தெரிகிறது. மெரினை மோத வரும் குதிரை வண்டிக்குள் ஒரு மூதாட்டியின் முகம். சண்டையிடும் நாய்கள். இறுதியில் ஹத்ராவின் இடிபாடுகளுக்கு நடுவே சிறகு விரித்த பாஸுஸுவின் சிலைக்கு எதிரே மெரின் நிற்கிறார். ஏறக்குறையப் பத்து நிமிடங்கள் நீளும் இப்பகுதி ஒளிப்பதிவிலும் ஒலியிலும் ஓர் அபாரமான சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் தர்க்கம் என்ன? இந்த மண்ணிலிருந்துதான் தீமை தோண்டி எடுக்கப்பட்டது என்பதே. உழைப்பாளியின் பழுதுபட்ட கண்ணும் மூதாட்டியின் சுருங்கிய முகமும் அத்தீமையின் முன்னறிவிப்புகளாகின்றன. உலகில் கோடிக்கணக்கானோருக்கு அமைதியின் அழைப்பாக இருக்கும் ஓசை, இங்கே அச்சத்தின் முன்னிசையாகப் பயன்படுகிறது.

இதைவிட வியப்பானது பாஸுஸுவின் கதை. பண்டைய மெசப்பொத்தேமியர்களுக்கு பாஸுஸு கொடிய காற்றுகளின் தலைவன். பயங்கரமானவன்தான். ஆனால் அவனது தலையுருவைத் தாயத்தாகச் செய்து அணிந்தவர்கள் கர்ப்பிணிகளும் தாய்மாருமே. காரணம், கருவையும் பச்சிளங் குழந்தைகளையும் காவுகொள்ளும் லமஷ்து என்ற பெண் பேயைத் துரத்தும் வல்லமை அவனுக்கு உண்டு என்ற நம்பிக்கை. பாரிஸின் லூவர் நூதனசாலையில் சுமார் 15 சென்ரிமீற்றர் உயரமான அவனது வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் தலையில் வளையமொன்று உண்டு, தொங்கவிடுவதற்கானது. படத்திலேயே, மெரின் கண்டெடுத்த சிறு தலையுருவைப் பார்க்கும் ஈராக்கிய நூதனசாலை அதிகாரி, தீமையை எதிர்க்கும் தீமை என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த ஒரு வார்த்தையில் மொத்த உண்மையும் இருக்கிறது. ஆனால் படம் அதைக் கேட்டுவிட்டுக் கடந்துபோகிறது. நினிவேயின் ஒரு தாய் தன் பிள்ளையைக் காப்பதற்காகக் கட்டித் தொங்கவிட்ட உருவம், ஜோர்ஜ்டவுனில் ஒரு தாயின் பிள்ளையை வதைக்கும் உருவமாக மாறிவிடுகிறது.

சிலை நிற்கும் இடமும் கற்பனையே. மோசுலுக்குத் தென்மேற்கே சுமார் 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹத்ரா, கிறிஸ்துவுக்குப் பிந்திய முதலிரு நூற்றாண்டுகளில் செழித்த நகரம். அதன் அரசர்கள் தம்மை அரபுகளின் அரசர் எனக் கல்லில் பொறித்துக்கொண்டவர்கள். பாஸுஸுவை வணங்கி அஞ்சிய அசீரியப் பேரரசோ கி.மு. 612இல் நினிவேயின் வீழ்ச்சியோடு சரிந்துவிட்டது. படக்குழு தான் செய்த சிலையைக் கொண்டுபோய் ஹத்ராவில் நிறுத்தியது. கிழக்கு என்பது ஒரே பழைமையான மர்மம். அதில் எந்த நூற்றாண்டை எதனோடும் ஒட்டலாம் என்ற மனப்பாங்கின் விளைவு இது.

இதில் ஒரு துயரமான முரண்நகையும் உண்டு. நாவலாசிரியர் பிளாட்டி லெபனானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய அரபுக் கிறிஸ்தவப் பெற்றோரின் மகன். வறுமையில் தன்னை வளர்த்த தாயின் நினைவே கராஸின் தாயாக உருப்பெற்றிருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் திரையில் அந்தத் தாய் கிரேக்கப் பெண்ணாகிறாள். கிழக்கு பேயின் பிறப்பிடமாகிறது. படம் நம்மிடம் கேட்ட வினாவை நாம் படத்திடமே திருப்பிக் கேட்கலாம். பயங்கரமான முகத்துக்குக் கீழே மனிதரைக் காண உன்னால் முடிகிறதா? ஜோர்ஜ்டவுனின் ஒரு சிறுமி விடயத்தில் படம் அதில் மிகச் சிறப்பாகச் சித்தியடைகிறது. நினிவேயில் தவறிவிடுகிறது. அங்கே பெயரோடும் கதையோடும் ஒரு மனிதர்கூட நம் நினைவில் நிற்பதில்லை.

1973இல் அமெரிக்காவுக்கும் ஈராக்குக்கும் இராஜதந்திர உறவுகூட இருக்கவில்லை. ஆயினும் ஃபிரீட்கினின் குழு அங்கே சென்று படம்பிடித்துத் திரும்பியது. 2003இல் அமெரிக்கப் படைகள் அதே நாட்டை ஆக்கிரமித்தன. 2014 ஜூனில் ஐ.எஸ். இயக்கம் மோசுலைக் கைப்பற்றியது. 1985இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஹத்ராவின் சிற்பங்கள் 2015இல் அவ்வியக்கத்தினரால் உடைக்கப்பட்டன. மோசுல் மீட்கப்பட்ட 2017ஆம் ஆண்டில் அதன் பழைய நகரின் பெரும்பகுதி கற்குவியலாகிவிட்டிருந்தது. ஒரு திரைப்படம் யுத்தத்தைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு மண்ணின் மக்கள் முகமற்றவர்களாகப் பலகாலம் காட்டப்பட்டால், அவர்கள் மேல் குண்டு விழும்போது உலகம் அதிகம் பதறுவதில்லை. அவ்வகையில் ஒவ்வொரு படிமத்துக்கும் பொறுப்பு உண்டு.

படத்தின் மீது இந்த வழக்கைத் தொடுத்துவிட்டு நாம் எழுந்துபோய்விடலாம். ஆனால் படம் கேட்கும் வினா நம் பக்கமும் திரும்புகிறது. ஜின் மனித உடலுக்குள் புகுமா என்பது நமது அறிஞர்களிடையே பழைய விவாதம். முஃதஸிலாக்களில் பலர் அதை மறுத்தனர். இமாம் இப்னு தைமிய்யா போன்றோர் ஏற்றனர். அந்த விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. கவலை தருவது வேறொன்று. அடித்தால் அடி ஜின்னின் மேல்தான் விழும், பாதிக்கப்பட்டவருக்கு வலிக்காது என்ற கருத்து இப்னு தைமிய்யாவின் எழுத்திலும் பதிவாகியிருக்கிறது. இன்றும் ஓதிப் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சிலரின் கையில் அது பிரம்பாக மாறிவிடுகிறது. இது எந்த ஒரு சமயத்தாருக்கும் மட்டும் உரியதல்ல. 2021 பெப்ரவரியில் நம் நாட்டின் தெல்கொடப் பகுதியில், பேய் பிடித்திருப்பதாகக் கருதப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமி, பேயோட்டுவதற்காகப் பிரம்பால் அடிக்கப்பட்டு உயிரிழந்தாள். 1976இல் மேற்கு ஜேர்மனியில், வலிப்பு நோயுள்ள 23 வயது மாணவி ஒருத்தி 67 பேயோட்டல் அமர்வுகளின் பின்னர் பட்டினியால் மெலிந்து இறந்தாள். பெற்றோரும் இரு குருமாரும் 1978இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். இச்சம்பவங்களில் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். அவர்கள் பேயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோலின் மேல் எழுந்த எழுத்தை வாசிக்க ஒருவரும் இருக்கவில்லை.

பிள்ளைக்கு ஓதிப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தலையில் கைவைத்து ஓதும் மூத்தவரின் குரலில் ஒரு பிள்ளை அடையும் ஆறுதலை நாம் அறிவோம். அந்தக் கை பிள்ளையை அறிந்த கையாக இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. ஓதுபவரும், மருந்து கொடுப்பவரும், பாடம் சொல்லிக் கொடுப்பவரும் முதலில் கேட்க வேண்டியது, இதற்குள் என்ன புகுந்திருக்கிறது என்பதல்ல. இந்தப் பிள்ளை என்ன சொல்ல முயல்கிறது என்பதே.

'தி எக்ஸோர்சிஸ்ட்' குறைகள் மலிந்த படம். கிழக்கைப் பற்றிய அதன் பார்வை மன்னிக்கக் கடினமானது. ஆயினும் அதன் இறுதிக் காட்சிகளில் ஒன்றை மறக்க முடியாது. வீட்டைக் காலிசெய்து புறப்படும் ரீகனுக்கு நடந்த எதுவும் நினைவில் இல்லை. கராஸின் நண்பரான இளம் குருவானவர் விடைகொடுக்க வருகிறார். அவரது கழுத்துப் பட்டியை அவள் ஒரு கணம் உற்றுப் பார்க்கிறாள். பின்னர் எட்டி அவரது கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுக் காரில் ஏறுகிறாள். காயங்களின் தழும்பு இன்னும் ஆறாத முகம் அது. இம்முறை நாம் காண்பது வெறும் ஒரு பிள்ளையின் முகத்தைத்தான்.